பிள்ளை வழக்கில் சிக்கினால்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி பத்தரை மணிக்குப் போன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்த என் தம்பி பேசினான். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. அவன் மகனுக்கு அப்போது பதினாறு வயது. இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து யாருடையதோ ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். "அக்கா, நான் காலையில பஸ் ஏறி வர்றதுக்குள்ள நீ போய்ப் பாரு" என்றான்.

போனேன். ஆனால் அங்கே போய் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த மாதங்களில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள். வெளியே வந்ததும் அடுத்த தேதியைச் சொல்வான். நாங்களும் உள்ளே போகலாம், பேசலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் பயிற்சிக்குப் போனேன். இப்போது இரண்டு மாவட்டத்திலும் இப்படிப் போன் வரும் குடும்பங்களோடு கூடப் போய் நிற்கிறேன். அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையும் பெற்றோரும் விவரம் தெரிந்து பங்கேற்பதை உறுதிசெய்வது இளைஞர் நீதிக் குழுமத்தின் கடமை என்கிறது. நம்மை உள்ளே விடுவது யாரும் காட்டும் தயவு அல்ல, அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை நாம் கேட்டு வாங்கினால் நம் பிள்ளை வழக்கும் சீராகும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வழி திறக்கும்.

பழகிக்கொள்ள வேண்டிய சில பெயர்கள்

குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளில் 18 வயது நிறையாதவர் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் பிள்ளையை வைத்திருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். நம் பக்கத்துப் பையன்களைப் பெரும்பாலும் சேலத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை அலுவலர். மாவட்ட அளவில் இதையெல்லாம் ஒருங்கிணைப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தைகள் நலக் குழு என்று இன்னொன்று உண்டு. ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை அது பார்க்கிறது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஓர் இடத்துக்குப் பதிலாக இன்னோர் இடத்தில் மனுக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மனுவின் முதல் வரியில் யாருக்கு எழுதுகிறோம் என்பதை ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் நாள்

போன் வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பதற்றத்தில் கேட்டது எதுவும் மறுநாள் நினைவில் நிற்காது. நாங்கள் எழுதி வைக்காததால், பிள்ளையை எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்று பின்னால் கேட்டபோது எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் மூன்று நேரம் சொன்னோம்.

அடுத்து வயது ஆதாரம். பிள்ளை 18க்குக் கீழ் என்று காட்டப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் முதலில் செல்லும். அது இல்லையென்றால் ஊராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் இடம் மாறி மாறிப் போகும் குடும்பங்களில் பள்ளிச் சான்று எந்த ஊரில் கிடக்கிறது என்றே தெரியாமல் போகிறது. அப்படியானால் கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.

காவல் நிலையத்தில் பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டியவை இவை. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோருக்குத் தகவல் சொல்வதும், குழுமத்துக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்வதும் அவர் பொறுப்பு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். குழுமம் கூடாத நாள் என்றால் உறுப்பினர் ஒருவர் முன்பாவது நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமாக (எது என்று கீழே சொல்கிறேன்) இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாலோதான் எஃப்ஐஆர். மற்றவற்றுக்குப் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

அங்கே சத்தம் போட வேண்டாம். பிள்ளையை அங்கேயே கன்னத்தில் அறையவும் வேண்டாம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: அடிக்கிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவமானத்தில் கை ஓங்கிவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை விசாரணை முடியும்வரை வீட்டாரிடம் வாயே திறப்பதில்லை.

ஒன்றுமே ஓடவில்லை என்றால் இரண்டு எண்கள்: 1098 குழந்தைகள் உதவி எண், 15100 இலவசச் சட்ட உதவி எண்.

குழுமத்தின் முன் முதல் முறை

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். பிள்ளைக்கு இலவச வக்கீல் கிடைக்கச் செய்வதும் குழுமத்தின் கடமையே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும். வக்கீல் கிடைத்ததும் அவர் பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் அவரைக் கூப்பிடுங்கள்.

ஜாமீன் விஷயத்தில் குடும்பத்தின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. 12ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றாலும் பிள்ளையை விட வேண்டும் என்பதே பொது விதி. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற காரணங்கள் இருந்தால்தான் மறுக்கலாம்; மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். எனவே குழுமம் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தப் பையன் வெளியே போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். அதற்குப் பதிலை நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள். "நாங்க பாத்துக்கறோம் சார்" என்று மட்டும் சொன்னால் போதாது. யார் வீட்டில் தங்குவான், காலையில் யார் பள்ளிக்கு அனுப்புவார்கள், சாயங்காலம் யார் வீட்டில் இருப்பார்கள், எந்தச் சேர்க்கையிலிருந்து எப்படி விலக்கி வைப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். என் தம்பி பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வருவதாக எழுதினான். அதோடு, அவன் வரும்வரை பையன் என் வீட்டில் இருப்பான் என்று நானும் எழுதினேன். ஜாமீன் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் பிள்ளை ஏழு நாள் உள்ளேயே இருந்தால் நிபந்தனையை மாற்றக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மொழி ஒரு பெரிய சுவர். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேசுகிறார்கள். அம்மா தலையாட்டுவார், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மொழிபெயர்ப்பாளர் கேட்பது உரிமை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

சிறு குற்றம் (அதிகபட்சத் தண்டனையே மூன்று வருடம் வரைதான் உள்ள குற்றம்) என்றால் விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகும் முடியாத சிறு குற்ற வழக்கு கைவிடப்படும். இந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேதி நெருங்கும்போது வக்கீலிடம் கேளுங்கள்.

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் அது கொடுங்குற்றம். அதில் 16 முதல் 18 வயதுப் பிள்ளையைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். நம் மாவட்டங்களில் இது எங்கே வருகிறது தெரியுமா? பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஓடிப்போகிறார்கள். அல்லது இரண்டு வீட்டாருமே சேர்ந்து கல்யாணம் செய்துவைத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வயது தெரிந்ததும் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு. "சேந்துதான போனாங்க, சின்ன விஷயம்" என்று குடும்பம் சும்மா இருந்துவிடுகிறது. போக்சோவில் 18க்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, உடலுறவு என்று வரும் வழக்கில் குறைந்தபட்சத் தண்டனையும் பத்து வருடத்தில் தொடங்குகிறது. இப்படிப்பட்ட வழக்கில் முதல் நாளே வக்கீல் வேண்டும். மதிப்பீட்டு நாளில் பிள்ளையின் மனநிலை, படிப்பு, உடல்நலம் பற்றித் தெரிந்தவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும் நாள்

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஏறக்குறைய 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை குழுமத்துக்குப் போய்விடும். பையன் யார், எப்படி வளர்ந்தான், ஏன் இங்கே வந்தான் என்பதைக் குழுமம் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் பார்க்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் என் தம்பி மனைவி திண்ணையைச் சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தோம். மஞ்சப்பையிலிருந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்: ரேஷன் கார்டு, ஆறாவதில் வாங்கிய ஓவியப் போட்டிச் சான்று, மார்க் லிஸ்ட். "எம் பையன் தங்கம் சார், ஒரு கெட்ட பழக்கமும் இல்ல" என்றாள். அலுவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?" என்று கேட்டார். அவள் என் தம்பியைப் பார்த்தாள், தம்பி அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் நான்கு வருடமாகப் பெங்களூரில் இருந்தவர்கள். பிறகு, வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த எங்கம்மா பேசினார். "எட்டு மணிக்கு எழுப்புவேன் சாமி. போன வருசத்துல இருந்து எழுந்திருக்கறதில்ல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லு. ஒம்பதாவதுல வாத்தியார் வெளிய நிக்க வெச்சாருன்னு பள்ளிக்கூடம் போறத நிறுத்திட்டான். நான் அவங்கப்பன்கிட்டச் சொல்லல, வேலைய விட்டுட்டு வந்துருவான்னு." அலுவலர் அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

அந்த அறிக்கையால்தான் அவனுக்கு ஆலோசனையும், நிறுத்திய படிப்பைத் தொடர ஏற்பாடும் உத்தரவில் வந்தன. தங்கம் என்று சொல்லி முடித்திருந்தால் அது எதுவும் வந்திருக்காது.

அதனால், பிள்ளையோடு தினமும் இருந்தவர் யாரோ அவரைப் பேச விடுங்கள். ஆயாவோ, அத்தையோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. அப்பாவின் குடியை மறைக்காதீர்கள். மறைத்தால் பிள்ளையின் கோபத்துக்குக் காரணமே இல்லாததுபோல் ஆகிவிடும். பள்ளி நின்ற நாள், வேலைக்குப் போன இடம், அங்கே கிடைத்த கூலி, உடம்புக்கு வந்த நோய், வீட்டில் நடந்த சாவு எல்லாவற்றையும் சொல்லுங்கள். நல்லதையும் சொல்லுங்கள், ஆனால் ஆதாரத்தோடு: மாடு மேய்ப்பான், மாங்காய் சீசனில் மண்டிக்குப் போய் லோடு ஏற்றுவான், தங்கச்சியைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவான் என்று.

அறிக்கை ரகசியமானது, ஆனாலும் அதன் சாரத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்கவும், அதில் உள்ளது பற்றி ஆதாரம் கொடுக்க வாய்ப்புத் தரவும் 99ஆம் பிரிவில் குழுமத்துக்கு இடம் உண்டு. வக்கீல் மூலம் கேளுங்கள்.

இல்லத்தில் இருந்தால்

பார்வை நாளையும் நேரத்தையும் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். தருமபுரியிலிருந்து தொப்பூர் வழியாகச் சேலம் போவது ஒன்றும் பெரிய தூரமில்லை. அஞ்செட்டி மலையிலிருந்து வருபவருக்கு அது ஒரு நாள் கூலியும் ஒரு முழு நாளும். அப்படியும் போங்கள். பார்க்க ஆள் வரும் பிள்ளையை எல்லாரும் கவனமாக நடத்துகிறார்கள் என்பது நான் கண்ணால் கண்டது.

போனால் சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்தாதீர்கள். தூக்கம், கழிவறை, யாரோடு இருக்கிறான், யாரிடமாவது பயம் இருக்கிறதா என்று கேளுங்கள். கை கால்களைப் பாருங்கள். காயம் தெரிந்தால் தேதியோடு நோட்டில் எழுதி, அன்றைக்கே குழுமத்துக்கும் வக்கீலுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை ஆய்வு செய்ய வேண்டும். இல்லத்தில் மேலாண்மைக் குழுவும் பிள்ளைகள் குழுவும் இருக்க வேண்டும். "பிள்ளைகள் குழு கடைசியா எப்பக் கூடுச்சு?" என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்தான். அவன் தாய் அமைதியாக இருக்க மறுத்தார். ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகு 2023இல் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் இந்த இல்லங்களைச் சீர்திருத்துவது பற்றி ஆராய ஒரு நபர் குழுவை அமைத்தது. நம்மால் என்ன ஆகப்போகிறது என்று ஒரு அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்தான் நினைவுக்கு வருகிறார்.

அந்தப் பக்கத்துக் குடும்பம்

பைக்கைப் பறிகொடுத்தவருக்கும் அடிபட்டவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கட்டப்பஞ்சாயத்து பேசி அவர்களை மிரட்டிப் புகாரை வாபஸ் வாங்க வைப்பது பிள்ளைக்கு நாமே குழி வெட்டுவது. குழுமம் அறிந்தால் ஜாமீனும் போகும். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பிள்ளை, அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லாரும் ஓர் அதிகாரியின் ஏற்பாட்டில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், எங்கள் பிள்ளைகளை எங்களைக் கேட்காமல் பிரிக்காதீர்கள் என்று விடாமல் வலியுறுத்தியதன் விளைவு அது. நம் சட்டத்தில் அப்படியே இல்லை. ஆனால் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் காலம் என்று 18ஆம் பிரிவில் பல வழிகள் இருக்கின்றன. இழப்பை ஈடுசெய்யவும் மன்னிப்புக் கேட்கவும் மனம் இருந்தால் அதை வக்கீலிடம் சொல்லிக் குழுமத்தின் வழியாகச் செய்யுங்கள். நேரே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள்.

நம் வழக்கைத் தாண்டி

வாய்தாவுக்கு வரும் குடும்பங்கள் ஒன்றையொன்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அங்கேதான் தொடங்க வேண்டும். பக்கத்தில் போய், "நீங்க எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். பிள்ளை என்ன செய்தான் என்று கேட்காதீர்கள்.

ஒருமுறை அப்படி ஆறு குடும்பம் சேர்ந்தோம். மலையிலிருந்தும் காட்டோர ஊர்களிலிருந்தும் வருபவர்களுக்குக் காலை முதல் பஸ் பிடித்தாலும் பதினோரு மணிக்கு முன் வந்து சேர முடியாது; அதற்குள் பெயர் கூப்பிட்டு ஆள் வரவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே பக்கத்தில் மனு எழுதினோம்: எந்த ஊர், எத்தனை மணிக்கு பஸ், எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மட்டும். குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. குழுமத்துக்கு ஒரு பிரதி, குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து வெளியூர்க்காரர்களை மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். உட்கார பெஞ்ச், குடிதண்ணீர், அடுத்த தேதியை எழுதிக் கொடுக்கும் சீட்டு, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் இப்படிக் கேட்கக்கூடியவையே. பெரிய சீர்திருத்தம் பேசுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழுமங்களிலும் ஆணையங்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்பச் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உறுப்பினர் இடம் காலியாகக் கிடந்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டி எழுதலாம்.

ஊரிலும் வேலை இருக்கிறது. கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு நம் ஊராட்சியில் இருக்கிறதா, கூடுகிறதா என்று அங்கே கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். ஒன்பதாம் வகுப்பில் யார் யார் நின்றார்கள், ஏன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க ஒரு அம்மா போதும். எங்கள் பையன் பள்ளியை விட்ட அன்றைக்கு அப்படி ஒருவர் கேட்டிருந்தால் பைக் வரைக்கும் போயிருக்காது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. எந்தப் பிள்ளையின் பெயரையும், ஊரையும், பள்ளியையும், போட்டோவையும் கிராம சபையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ சொல்லாதீர்கள். வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உத்தரவுக்குப் பிறகு

உத்தரவின் நகலை வாங்குங்கள். திருப்தியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நன்னடத்தைக் காலம் என்றால் எந்தெந்த நாளில் அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் குறியுங்கள்.

நன்னடத்தைக் காலம் முடிந்ததும் எங்கள் பையன் ஐடிஐயில் சேர்ந்தான். படிப்பு முடிந்து ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனபோது போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் 24ஆம் பிரிவைக் காட்டினோம். இந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கு வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவாகாது. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது. பெரியவர்போல விசாரிக்கப்பட்ட கொடுங்குற்ற வழக்குகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. மேல்முறையீட்டுக் காலமோ விதியில் சொன்ன காலமோ கழிந்தபின் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். ஆனால் அது தானாக நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அழிக்கப்பட்டதா என்று குழுமத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை அந்த நோட்டோடும் பள்ளிச் சான்றிதழோடும் சேர்த்து மஞ்சப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.